அஞ்சு வருச மாத்திரை

மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. கீமோ ஆகிவிட்டது. வாரக்கணக்கில் மதுரையில் தங்கி கரண்ட் வைத்ததும் ஆகிவிட்டது. கொட்டிப்போன முடி காது மறையும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. பாம்பன் தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே, இனிமே என்ன?" பாக்கி இருப்பது ஒரு சின்ன மாத்திரை. தினம் ஒன்று, ஐந்து வருடம். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் எழுதியிருக்கும். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசியிருக்க மாட்டார்கள்.

அந்த மாத்திரையைப் போட ஆரம்பித்த இரண்டாம், மூன்றாம் மாதத்தில்தான் பல பெண்களுக்குப் புதிய கஷ்டம் தொடங்குகிறது. ராத்திரி திடீரென்று உடம்பு காந்துகிறது, நைட்டி நனைந்துவிடுகிறது. காலையில் எழுந்தால் விரல் மடங்கவில்லை. மூட்டுக்கு மூட்டு வலி. "சிக்கன்குனியா மறுபடி வந்துருச்சோ" என்று வீட்டில் கேட்கிறார்கள். யாரும் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. சந்தேகித்தவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். இந்த இரண்டாவது காரியம்தான் ஆபத்து.

மாத்திரை ஏன் இத்தனை தொல்லை தருகிறது என்பதற்கு விடை, அது எப்படி உயிரைக் காக்கிறது என்பதிலேயே இருக்கிறது. அதனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜார்ஜ் பீட்சன் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர். மாடு கன்று போட்டபின் அதன் சூலகத்தை எடுத்துவிட்டால் பால் நெடுநாள் வற்றாது என்று சில இடங்களில் பண்ணையார்கள் செய்துவந்ததை அவர் அறிந்திருந்தார். மடிக்கும் சூலகத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது. அப்படியானால் மார்பில் வளரும் புற்றுக்கும் இருக்கலாம் அல்லவா? 1895இல், நோய் முற்றி வேறு வழியில்லாத 33 வயதுப் பெண் ஒருவரின் சூலகங்களை அகற்றினார். கட்டிகள் சில மாதங்களில் சுருங்கின. 1896இல் லான்செட் இதழில் அதை எழுதினார். சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனையே அப்போது யாருக்கும் தெரியாது. அது கண்டுபிடிக்கப்பட இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. காரணம் தெரியாமலே வைத்தியம் கிடைத்த கதைகளில் இது ஒன்று.

காரணத்தைக் கண்டவர் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன். 1950களின் பிற்பகுதியில் அவர் ஈஸ்ட்ரோஜனில் கதிரியக்க ஹைட்ரஜனை ஏற்றி, அது உடம்பில் எங்கே போகிறது என்று தேடினார். ரத்தத்தில் எங்கும் சுற்றினாலும் கருப்பை போன்ற சில திசுக்களில் மட்டும் அது தங்கியது. அந்தத் திசுக்களின் செல்லுக்குள் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துவைக்கும் புரதம் ஒன்று இருக்கிறது. அதுதான் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. மார்பகப் புற்றுக் கட்டியின் துணுக்கை லேபுக்கு அனுப்பி 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட் வாங்குகிறோமே, அது இந்தப் புரதத்தைத் தேடும் சோதனைதான். பாசிட்டிவ் என்றால் அந்தக் கட்டி ஈஸ்ட்ரோஜனை வைத்து வளர்கிறது என்று பொருள். இந்தியாவில் மார்பகப் புற்று வரும் பெண்களில் ஏறத்தாழ பாதி அல்லது அதற்குச் சற்று அதிகமானவர்களுக்கு இப்படித்தான் இருக்கிறது. இந்த மாத்திரை அவர்களுக்குத்தான். நெகட்டிவ் என்று வந்தவர்களுக்கு இது உதவாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள், எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

இந்த மாத்திரைகளில் ஒன்றான டமாக்சிஃபென் பிறந்தது இங்கிலாந்தில், ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், 1962இல். செய்தவர் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர். அவர்கள் தேடியது கருத்தடை மருந்து. எலியில் அது வேலை செய்தது. பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தால் கருமுட்டை உருவாவதைத் தூண்டியது! கருத்தடை மாத்திரையாக அது படுதோல்வி. மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோல் அதை முற்றிய மார்பகப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1971இல் முடிவை வெளியிட்டார். ஆய்வாளர் கிரெய்க் ஜோர்டன் அதன்பின் பல்லாண்டு உழைத்து, நோய் முற்றியபின் கொடுப்பதைவிட ஆபரேஷன் முடிந்ததும் நீண்ட காலம் கொடுப்பதே பயன் என்ற எண்ணத்துக்கு ஆய்வுக்கூட ஆதாரம் சேர்த்தார். 20 சோதனைகளில் கலந்துகொண்ட 21,000க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை ஒன்றாகத் தொகுத்து 2011இல் லான்செட்டில் வந்த ஆய்வு கணக்கை முடித்துவைத்தது. ஈ.ஆர். பாசிட்டிவ் ஆனவர்கள் ஐந்து ஆண்டு டமாக்சிஃபென் எடுத்தால், அந்த ஐந்து ஆண்டில் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது. 15 ஆண்டு வரை பார்த்தால் மார்பகப் புற்றால் ஏற்படும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு மாத்திரை சில ரூபாய்தான். புற்றுநோய் மருந்துகளில் இவ்வளவு மலிவாக இவ்வளவு உயிர்களைக் காத்த வேறொன்றைச் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியவில்லை.

இனி வேலை செய்யும் விதம். டமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜனை ஒழிப்பதில்லை. பூட்டுக்குள் நுழைந்து, திரும்பாமல் மாட்டிக்கொண்ட சாவி மாதிரி ஏற்பிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அசல் சாவிக்கு இடமில்லை. விசித்திரம் என்னவென்றால், மார்பகச் செல்லில் திரும்பாத இதே சாவி எலும்பிலும் கருப்பையிலும் கல்லீரலிலும் ஓரளவு திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு திசுவிலும் ஏற்பியோடு சேர்ந்து வேலை செய்யும் துணைப் புரதங்கள் வேறு வேறு என்பதே காரணம். ஆகவே மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்பை அது பலப்படுத்தும், அதே சமயம் கருப்பையின் உள்வரிச் சவ்வைத் தடிக்கவைக்கும், ரத்தம் உறையும் தன்மையையும் சற்றுக் கூட்டும்.

மாதவிடாய் முற்றிலும் நின்றவர்களுக்கு இன்னொரு வகை உண்டு: லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன். சூலகம் ஓய்ந்தபின்னும் கொழுப்புத் திசு போன்ற இடங்களில் அரோமட்டேஸ் என்ற நொதி கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். இந்த மருந்துகள் அந்த நொதியை முடக்குகின்றன. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். நோய் திரும்புவதைத் தடுப்பதில் டமாக்சிஃபெனைவிடச் சற்று மேல். எலும்புக்கும் மூட்டுக்கும் அதைவிடக் கடுமை. வயது குறைந்த, ஆபத்து கூடிய பெண்களுக்குச் சூலகத்தை ஓயவைக்கும் ஊசியையும் மாதாமாதம் போட்டு இந்த மருந்தைக் கொடுப்பதுண்டு. இயற்கையாக நாலைந்து வருடத்தில் வர வேண்டிய மாதவிடாய் நிறுத்தம் அவர்களுக்கு நாலைந்து வாரத்தில் வந்து நிற்கும். அதன் வேகத்தைத் தாங்குவது தனிக் கஷ்டம்.

இப்போது அந்தச் சூட்டுக்கு வருவோம். எங்கள் ராமநாதபுரம் பக்கம் சூடு என்பது செய்தியே இல்லை. சித்திரை வந்தால் உப்பளத்து வெயிலும் கடலோரத்து வேக்காடும் சேர்ந்து எல்லோரையும் வாட்டும். அதனால் ஒரு பெண் "உடம்பெல்லாம் காந்துது" என்றால் "யாருக்குத்தான் காந்தல?" என்பதே பதில். ஆனால் இது அந்தச் சூடு இல்லை. மார்கழிப் பனியில் ராமேஸ்வரம் வாடைக்காற்றில் படுத்திருந்தாலும் வரும்.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி உடல் வெப்பத்தைக் கவனித்துக்கொள்கிறது. உள்வெப்பம் ஓர் எல்லைக்கு மேல் போனால் வியர்வை. இன்னோர் எல்லைக்குக் கீழே போனால் நடுக்கம். நடுவில் ஒன்றும் செய்யாத இடைவெளி ஒன்று உண்டு. இந்தத் தொல்லை இல்லாத பெண்களுக்கு அது சுமார் 0.4 டிகிரி செல்சியஸ் அகலம் என்றும், சூட்டலையால் தவிப்பவர்களுக்கு ஏறக்குறைய சுழியம் என்றும் ஆய்வாளர் ராபர்ட் ஃபிரீட்மன் அளந்து காட்டினார். இடைவெளியே இல்லாவிட்டால் அடுப்படியில் இரண்டு நிமிடம் நின்றாலே போதும், உடம்பு முழுவீச்சில் குளிர்விக்க இறங்கிவிடும். தோலின் ரத்தக் குழாய்கள் விரியும், முகம் சிவக்கும், வியர்வை ஊற்றும், பிறகு குளிர் எடுக்கும். இந்த எல்லையைப் பிடித்துவைத்திருப்பதில் பங்குள்ள நரம்புச் செல்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருந்தது. அது விலகியதும் அவை தறிகெட்டுப் போகின்றன. டமாக்சிஃபென் எடுப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது வருகிறது. மூளையிலும் ஈஸ்ட்ரோஜன் தடுக்கப்படுவதன் விளைவு இது. "உடம்பு ஏத்துக்கல" என்று பொருள் இல்லை.

கைவசம் உள்ள சின்ன வழிகள் முதலில். நைலக்ஸ் புடவையையும் பாலியெஸ்டர் நைட்டியையும் விட்டுப் பருத்திக்கு மாறுவது. படுக்கைப் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும் பனையோலை விசிறியும். கரண்ட் போன ராத்திரியில் அந்த விசிறிக்கு ஈடு கிடையாது. சுடச்சுடக் காப்பி, காரம் இரண்டும் சிலருக்கு அலையைக் கிளப்பும். முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு காரத்தை விடு என்று சொல்வது லேசில்லை. எனவே விட வேண்டாம், எது தன்னைக் கிளப்புகிறது என்று ஒரு வாரம் கவனித்து அதை மட்டும் குறைத்தால் போதும். மாத்திரை போடும் நேரத்தைக் காலையிலிருந்து ராத்திரிக்கோ, ராத்திரியிலிருந்து காலைக்கோ மாற்றிப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்பதால் அதில் தடையில்லை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பெண்கள் ரமலானில் நோன்பு திறந்தபின் போட்டுக்கொள்ளலாம். நோன்புக்காக மாத்திரையை நிறுத்த வேண்டியதே இல்லை. நுங்கும் மோரும் குடிக்க நன்றாக இருக்கும், தாராளமாகக் குடிக்கலாம். அவை இந்தச் சூட்டைத் தணிக்குமா என்றால், தணிக்காது. இது வயிற்றில் ஏறிய சூடு இல்லை.

இவற்றால் அடங்காவிட்டால் மருந்து உண்டு. வெண்லாஃபாக்சின் குறைந்த அளவில் சூட்டலையைக் கணிசமாகக் குறைக்கும் என்று 2000இலேயே சோதனையில் தெரிந்துவிட்டது. ராத்திரி வியர்வையால் தூக்கம் கெடுபவர்களுக்கு கேபாபென்டின் கொடுப்பதுண்டு. சிக்கல் வேறிடத்தில் வருகிறது. வெண்லாஃபாக்சின் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து. கடைக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு "இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கிறதாச்சேம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், "எனக்கென்ன பைத்தியமா?" என்று அந்தச் சீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் போய்விடும். எழுதிக்கொடுக்கும் மருத்துவர் அரை நிமிடம் செலவழித்து, இது சூட்டுக்காகத்தான் என்று சொல்லிவிட்டால் இந்த வம்பு இல்லை.

இதே வகையில் எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. டமாக்சிஃபென் தன்னளவில் சுமாரான மருந்துதான். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை எண்டாக்சிஃபென் என்ற பொருளாக மாற்றுகிறது; அது பல மடங்கு வலுவானது. பராக்சிடின், ஃபுளுவாக்சிடின் என்ற இரண்டு மனச்சோர்வு மாத்திரைகள் அந்த நொதியைப் பலமாகத் தடுக்கின்றன. எனவே டமாக்சிஃபெனோடு அவற்றைத் தவிர்ப்பது நல்லது என்பதே பொதுவான வழிமுறை. ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர், மதுரையில் ஒரு டாக்டர் என்று பார்ப்பவர்கள் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போய் இருவரிடமும் காட்ட வேண்டும். சதாவரி லேகியம், 'பெண்களுக்கான டானிக்' வகையறாவும் அந்தப் பையில் இருக்கட்டும். தாவரங்களிலும் ஈஸ்ட்ரோஜனைப் போன்ற பொருள்கள் உண்டு. சோயாவைக் குழம்பில் போட்டுச் சாப்பிடுவதில் கெடுதல் இல்லை. அதையே செறிவூட்டி மாத்திரையாக்கி விற்பது வேறு விஷயம்.

மூளையின் அந்த நரம்புச் செல்களையே நேராக அடக்கும் புதிய மருந்தும் வந்திருக்கிறது. எலின்சானெட்டன்ட் என்று பெயர். மார்பகப் புற்றுக்கு ஹார்மோன் மாத்திரை எடுக்கும் பெண்களிடமே சோதித்து, அலைகள் நன்றாகக் குறைந்ததாக 2025இல் முடிவு வெளியானது. எங்கள் ஊர் மருந்துக்கடைக்கு அது வரும்போது வரட்டும்.

மூட்டு வலியைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். பாம்பன் தீவின் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் வள்ளத்தில் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிப்பார்கள். (உலகத்து ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்க்கப் பயன்படும் அகார் இதைப் போன்ற பாசிகளிலிருந்துதான் வருகிறது.) பவளப்பாறை கத்தி போல அறுக்கும் என்பதால் கிளம்புவதற்குமுன் ஒவ்வொரு விரலுக்கும் கிழிந்த துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்கள். இடது கை விரலில் துணி சுற்ற வலது கை விரல்கள் மடங்க வேண்டும். பிறகு வலது கை விரலில் சுற்ற இடது கை மடங்க வேண்டும். லெட்ரோசோல் எடுக்கும் ஒரு பெண் அந்த இடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் இரண்டு கையும் மரக்கட்டை. முடிச்சே போட முடியவில்லை. வள்ளம் அவருக்காகக் காத்திருக்காது.

அரோமட்டேஸ் தடுப்பு மருந்து எடுப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்த மூட்டுப் பிடிப்பு வருகிறது. கை விரல், மணிக்கட்டு, முழங்கால் என்று பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. காலையில் மோசம், நடமாட நடமாடக் குறையும். ஸ்கேன் செய்து பார்த்தபோது விரல் தசைநாண்களைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோத்து வீங்கியிருப்பது பலரிடம் தெரிந்தது. ஆகவே, வலி கற்பனையும் இல்லை, வயசானதால் வந்ததும் இல்லை. புற்று எலும்புக்குப் பரவிவிட்டதோ என்ற பயமும் பலருக்கு உள்ளே ஓடும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இரண்டு கையிலும் சமமாக வந்து, வேலை செய்யச் செய்ய இளகும் வலி அந்த வகையில் சேர்வது அரிது. ஒரே இடத்தில் குத்திட்டு நின்று, ராத்திரியிலும் விடாமல் நாளுக்கு நாள் கூடும் வலியைத்தான் உடனே காட்ட வேண்டும்.

வைத்தியத்தில் நல்ல ஆதாரம் உள்ளது உடற்பயிற்சிக்கு. அமெரிக்காவில் 121 பெண்களை வைத்து நடந்த ஹோப் என்ற சோதனையில், வாரம் 150 நிமிட வேக நடையும் இரண்டு நாள் பளு தூக்கும் பயிற்சியும் செய்தவர்களுக்கு ஓராண்டில் மூட்டு வலியின் கடுமை கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. இதைச் சொன்னால் பாசிக்காரப் பெண் சிரிப்பார். "நான் பாக்காத வேலையா?" அவர் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சோதனைக்கு எடுத்துக்கொண்டதே உடல் உழைப்பு குறைந்த பெண்களை. மூழ்கிப் பாசி பறிப்பவருக்கும், தங்கச்சிமடம் சந்தையில் மீன் கூடை இறக்கி ஏற்றுபவருக்கும் அதை அப்படியே எடுத்துப் பொருத்த எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு உதவக்கூடியது வேறு. எழுந்ததும் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி விரிப்பது. நாள் முழுக்க இறுக்கிப் பிடிக்கும் விரல்களுக்கு நேரெதிர்த் திசையில் நீட்டும் பயிற்சி. வேலையில் கிடைக்காத தோள், இடுப்புத் தசைப் பயிற்சி. இதைக் கற்றுக்கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும். வலிக்கு பாராசிட்டமால், அது போதாவிட்டால் டுலாக்செடின் என்று மருத்துவர் தரலாம். லெட்ரோசோல் வகையின் மூன்று மருந்துகளில் ஒன்று ஒத்துவராதவருக்கு இன்னொன்று ஒத்துவருவது சகஜம். சில வாரம் நிறுத்தி, வலி அடங்கியபின் வேறொன்றைத் தொடங்குவார்கள். முடியாவிட்டால் டமாக்சிஃபெனுக்கே திரும்பலாம். இத்தனை படி இருக்கிறது என்று தெரியாமல்தான் பெண்கள் முதல் படியிலேயே மாத்திரையை விட்டுவிடுகிறார்கள்.

இடையில் ஒன்று. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த கை வீங்குவது மாத்திரையால் வருவதில்லை, அது ஆபரேஷனின் மிச்சம். ஆனால் அந்தக் கையில் பவளப்பாறை கீறினால் சாதாரணக் கீறலாக விடக் கூடாது. கிருமி உள்ளே போனால் வடிந்து வெளியேற வழி குறைவு. சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எலும்பு தேய்வது வலிக்காது, அதனால் மறந்துபோகும். அரோமட்டேஸ் தடுப்பு மருந்து தொடங்கும்போதே எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்துவைத்து, ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பது முறை. சுண்ணாம்புச் சத்துக்கு எங்கள் கடற்கரை நல்ல இடம்: நெத்திலியை முள்ளோடு தின்கிறோம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. தேய்வு அதிகமானால் ஆறு மாதத்துக்கு ஒரு ஜோலெட்ரானிக் அமில ஊசி. மாதவிடாய் நின்றவர்களுக்கு அது நோய் எலும்பில் திரும்புவதையும் ஓரளவு தடுக்கிறது என்பது கூடுதல் லாபம். ஊசிக்குமுன் சொத்தைப் பல்லை எல்லாம் பார்த்து முடித்துவிட வேண்டும். ஊசி போட்டபின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் தொல்லை தருவதுண்டு.

பெண்கள் சொல்லவே சொல்லாத ஒன்றும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பிறப்புறுப்பின் சவ்வு மெலிந்து வறண்டுபோகும். எரிச்சல், உறவின்போது வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு. கணவரிடம் விலகிப் படுப்பார்கள். காரணம் சொல்ல மாட்டார்கள். கணவர் அவராக ஒன்றை நினைத்துக்கொள்வார். ஆண் டாக்டரிடம் வாய் வராது, பின்னால் மாமியாரோ மகனோ நிற்கும்போது பெண் டாக்டரிடமும் வராது. ஹார்மோன் கலக்காத ஈரப்பசைக் களிம்புகள் மருந்துக்கடையில் கிடைக்கின்றன. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பயன்படுத்தினால்தான் பலன். ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பைப் பெண்கள் நல மருத்துவர் தெரியாமல் எழுதிவிடக்கூடும் என்பதால், "எனக்கு மார்புல புத்து வந்துச்சு, இந்த மாத்திரை சாப்பிடுறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குறிப்பாக லெட்ரோசோல் வகை எடுப்பவர்கள், புற்றுநோய் மருத்துவர் சம்மதிக்காமல் அதைத் தொடக் கூடாது.

சொல்லியே ஆக வேண்டியவை இரண்டு. மாதவிடாய் நின்றபின் டமாக்சிஃபென் எடுக்கும்போது ஒரு துளி ரத்தம் பட்டாலும் காட்ட வேண்டும். கருப்பைப் புற்றின் வாய்ப்பை இந்த மருந்து சிறிதளவு கூட்டுகிறது. தொடக்கத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தாலோ திடீரென்று மூச்சுத் திணறினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம். 108ஐ அழைக்க வேண்டும்.

அமெரிக்காவின் வடக்கு கலிஃபோர்னியாவில் 8,700க்கும் மேற்பட்ட பெண்களின் மருந்துக்கடைக் கணக்கைப் பார்த்தபோது, நாலரை ஆண்டு முழுவதும் ஒழுங்காக மாத்திரை எடுத்தவர்கள் சுமார் பாதிதான் என்று 2010இல் தெரிந்தது. காப்பீடும் வீட்டுப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரியும் இருந்த இடத்திலேயே இந்த நிலை. இங்கே ராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்ற 2022 டிசம்பரிலிருந்து புதுப் பாலம் திறந்த 2025 ஏப்ரல் வரை தீவுக்காரர்களுக்கு ஊரிலிருந்து ஏற ரயிலே இல்லை. மூட்டு வலியோடு பஸ்ஸில் போய்வர ஒரு நாள் கூலியும் போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பிய வீடுகளில் கையில் காசு புரளாது. அந்த மாதங்களில் தள்ளிப்போடக்கூடிய செலவு எது என்று பார்த்தால், நோயே இல்லாதது போலத் தோன்றும் பெண்ணின் மறுபரிசோதனைதான் முதலில் தள்ளிப்போகும்.

2022இல் ராமநாதபுரத்துக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம். அதன் ஊழியர்கள் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார்கள், பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருகிறார். ஹார்மோன் மாத்திரையும் அதே மாதிரி தினசரி, பல ஆண்டு, மலிவான மாத்திரைதான். புற்றுநோய் என்ற பெயர் ஒட்டியிருப்பதால் அது பெரிய ஆஸ்பத்திரி சமாச்சாரமாகவே நின்றுவிட்டது. தொடங்குவதும் மாற்றுவதும் மதுரையில் நடக்கட்டும், "அக்கா, மாத்திரை போடுறீங்களா? காந்தல் இருக்கா? விரல் மடங்குதா? ரத்தம் ஏதும் பட்டுச்சா?" என்ற நாலு கேள்வியைச் சின்னப்பாலத்து வாசலில் நின்று கேட்க முடியும். பிரஷர் பார்க்க வரும் அதே பெண் கேட்கலாம். இதற்குப் புதுக் கட்டடம் ஏதும் வேண்டாம்.

இளம் பெண்களுக்கு இன்னொரு நெருக்கடி. 32 வயதில் நோய் வந்து, குழந்தை இல்லாமல் ஐந்து ஆண்டு மாத்திரை என்றால் வீட்டின் பேச்சைத் தாங்க முடியாது. டமாக்சிஃபென் கருவுக்கு ஆகாது என்பதால் எடுக்கும் காலம் முழுதும் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் ஹார்மோன் இல்லாத வழியில். காப்பர்-டி, ஆணுறை ஆகும். கருத்தடை மாத்திரை ஆகாது. ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு மாத்திரை எடுத்தபின், மருத்துவர் கண்காணிப்பில் இரண்டு ஆண்டு வரை நிறுத்திப் பிள்ளை பெற முயன்றவர்களை பாசிட்டிவ் என்ற ஆய்வு தொடர்ந்து பார்த்தது. 500க்கும் மேற்பட்ட பெண்கள். முதல் சில ஆண்டுகளில் அவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பவில்லை என்று 2023இல் முடிவு வந்தது. பிள்ளை பிறந்தபின் மாத்திரையைத் திரும்பத் தொடங்குவது அந்த ஏற்பாட்டின் பாதி.

ஐந்து வருடம் முடிந்தால் நிறுத்தலாமா என்பது கடைசிக் கேள்வி. 2012இல் வெளிவந்த அட்லஸ் சோதனை, டமாக்சிஃபெனைப் பத்து ஆண்டு எடுத்தால் நோய் திரும்புவதும் அதனால் வரும் இறப்பும் மேலும் குறைகின்றன என்று காட்டியது. கருப்பைப் புற்றின் வாய்ப்பு கூடுவதையும் அதே சோதனை காட்டியது. அக்குள் நெறிக்கட்டிகளுக்கு நோய் பரவியிருந்தவர்களுக்கு நீட்டிப்பது பெரும்பாலும் லாபம். சின்னக் கட்டியாக, பரவாமல் இருந்தவர்களுக்கு அந்த லாபம் சிறியது. எனவே ஐந்தாம் ஆண்டு நிறைவதற்கு ஆறு மாதம் முன்பே பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டையும் எலும்பு ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு போய்ப் பேசிவிடுவது நல்லது. நிறுத்துவதென்று முடிவானால், டமாக்சிஃபென் உடம்பைவிட்டு முற்றிலும் வெளியேற ஒன்றிரண்டு மாதம் ஆகும். காந்தல் அதுவரை வந்து போகும். அது கொடுத்த பாதுகாப்பு அதன்பிறகும் பல ஆண்டு தொடர்கிறது.